பலகைக்குள் இருக்கும் சாவி

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேல்மலை ஊர்களைக் கடந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் கிளாவரை. அதற்கு அப்பால் கேரளம். இடுக்கி மாவட்டத்து வட்டவடைப் பக்கம் இறங்கும் மலைவழிகள். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளையும் அடுக்கு நிலங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்த ஊர்களின் பெயர்கள் வெளியே கொஞ்சம் கேட்டன. மற்றபடி இவற்றைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. ஊரின் கதை பெரியவர்கள் வாயில் இருக்கிறது என்றுதான் இதுவரை சொல்லிவந்தோம். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அதற்கு இன்னோர் இருப்பிடமும் வந்துவிட்டது. பீரோவில் துணிகளுக்கு நடுவே வைக்கப்பட்டிருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்தான் அது.

கல்யாண வீடியோ, இறந்துபோன அப்பாவின் போட்டோ, பட்டா சிட்டாவின் ஸ்கேன், மண்டிக்கு அனுப்பிய பூண்டு மூட்டைகளின் கணக்கு, திருவிழாவில் எடுத்த படங்கள் எல்லாம் அதற்குள் போய்விட்டன. நகரத்தில் இருப்பவர் கூகுளில் ஏற்றிவைத்துவிட்டு மறந்துவிடலாம். மேல்மலையில் ஒரு படத்தை அனுப்புவதற்கே சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி நடக்கவேண்டிய இடங்கள் உண்டு. அங்கே நூற்றுக்கணக்கான ஜிபி வீடியோவை யாரும் இணையத்தில் ஏற்றிவைக்க முடியாது. ஆகவே ஒரு டிஸ்க், ஒரே பிரதி. அது போனால் எல்லாம் போனது.

அப்படிப் போன ஒரு டிஸ்க்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். கிளாவரையைச் சேர்ந்த ஓர் இளைஞர் தன் ஊர்ப் பெரியவர்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் நிலம் திருத்திய கதைகளையும் சில வருடங்களாகப் பதிவுசெய்து வந்தார். யாரும் கேட்டுச் செய்யவில்லை; பல்கலைக்கழகமோ அறக்கட்டளையோ பின்னால் இல்லை. பதிவு செய்யப்பட்டவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்சாரம் போவது மேல்மலையில் வாடிக்கை. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்தபோது மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. போன மின்சாரம் திரும்பி வரும் கணம்தான் கருவிகளுக்கு ஆபத்தான கணம். அப்படித் திரும்பி வந்த ஒரு மாலையில், கணினியில் செருகியிருந்த டிஸ்க்கின் விளக்கு அணைந்தது, மீண்டும் எரியவில்லை.

அவர் முதலில் போனது ஒரு பெரிய ஊரின் கடைக்கு. அங்கே போர்டு போய்விட்டது என்று கண்டுபிடித்தார்கள். அதே மாடலின் டிஸ்க்குக்குப் பொருந்தும் வேறொரு போர்டை மாட்டினார்கள். டிஸ்க் சுற்றியது. கணினிக்கு டிஸ்க் தெரிந்தது. ஆனால் உள்ளே எதுவும் இல்லை என்று சொன்ன விண்டோஸ், ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. அதோடுதான் அவர் வத்தலக்குண்டில் என் நண்பரின் வேலை மேசைக்கு வந்தார்.

“சுத்துதுண்ணே. ஆனா ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது.”

“பண்ணிட்டியா தம்பி?”

“இல்லண்ணே. பயமா இருந்துச்சு.”

“நல்லது. பழைய போர்டு எங்க?”

“இந்தா, கவர்லயே இருக்குண்ணே.”

நண்பரின் முகம் அப்போதுதான் தெளிந்தது. டிஸ்க்கை ஓரமாக வைத்துவிட்டு, கெட்டுப்போனதாகச் சொல்லப்பட்ட போர்டைக் கையில் எடுத்தார்.

உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைப் பலகை அது. டிஸ்க்கின் முதுகில் சின்ன நட்சத்திரத் தலைத் திருகுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். ஐசிகள் எல்லாம் உட்பக்கம் பார்த்திருக்கும். கழற்றித் திருப்பினால்தான் தெரியும். நடுவே கொஞ்சம் பெரிதாக இருப்பது மொத்த வேலையையும் ஆளும் ஐசி. பக்கத்தில் தட்டைச் சுழற்றும் மோட்டாரை ஓட்டும் ஐசி. எட்டுக் கால்களோடு அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது ராம் அல்ல, ரோம். யுஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் இன்னொரு ஐசி. கணினி பேசும் யுஎஸ்பி மொழியை டிஸ்க் பேசும் சாட்டா மொழிக்கு மாற்றித் தருவதால் அதற்குப் பாலம் என்று பொருள்படும் பிரிட்ஜ் என்று பெயர். இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் இந்தக் கடைசி இரண்டு ஐசிகளுக்குள் இருக்கிறது.

நண்பர் மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை ஐந்து வோல்ட் வரும் இடத்திலும் மறுமுனையைத் திருகு ஓட்டையின் விளிம்பிலும் வைத்தார். நீளமாகப் பீப் அடித்தது. ஷார்ட். அந்த வழியில் டிவிஎஸ் டயோடு என்று ஒரு கறுப்புக் கட்டை இருக்கும். அளவுக்கு மேல் மின்னழுத்தம் வந்தால் அதைத் தன்மேல் வாங்கித் தரையில் இறக்குவதுதான் அதன் வேலை. வந்தது மிகையாக இருந்தால் அது கருகி, உள்ளுக்குள் ஷார்ட்டாகி நின்றுவிடும். அதற்குப் பிறகு மின்சாரம் உள்ளே போகவே போகாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மொத்தப் போர்டும் செத்தது போலத் தெரியும். உண்மையில் செத்தது அந்த ஒரு டயோடு. அது செத்ததால்தான் மற்றவை பிழைத்தன. ஹாட் ஏர் கொண்டு அதைத் தூக்கி எடுத்துவிட்டு மறுபடி அளந்தார். பீப் இல்லை.

முதல் கடைக்காரர் கெட்ட நோக்கத்தோடு போர்டை மாற்றவில்லை. பாகத்தை மாற்றினால் கருவி ஓடும் என்பதுதான் இன்று எல்லோருக்கும் கற்றுத்தரப்படும் பழுதுநீக்கம். பழைய மாடல்களில் அது ஓரளவு சரியாகவும் இருந்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க்குகள் ஒரே அச்சில் வந்தாலும் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. தலைகள் தட்டுக்கு மேலே நானோமீட்டர் கணக்கிலான இடைவெளியில் மிதப்பவை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் தலையின் குணம் கொஞ்சம் வேறுபடும். தொழிற்சாலையில் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியே அளந்து, அதற்கே உரிய திருத்த அளவுகளின் ஒரு பகுதியை அந்த எட்டுக்கால் ரோமில் எழுதிவைக்கிறார்கள். அதனால்தான் போர்டை மாற்றுகிறவர் பழைய போர்டின் ரோமைப் பெயர்த்துப் புதியதில் வைக்கவேண்டும். முதல் கடையில் அதையும் சரியாகச் செய்திருந்தார்கள். டிஸ்க் சுற்றியதும் கணினிக்குத் தெரிந்ததும் அதனால்தான். அவர்கள் அறியாமல் விட்டது பிரிட்ஜ் ஐசியை. அவர்கள் மாட்டியது நேரடிச் சாட்டா போர்டு. அதில் பிரிட்ஜ் கிடையாது.

பல எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் பிரிட்ஜ் ஐசிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கணினியிலிருந்து வரும் ஒவ்வொரு பைட்டையும் அது குறியாக்கம் செய்துதான் தட்டில் எழுதவிடுகிறது; படிக்கும்போது குறியவிழ்த்துத்தான் வெளியே தருகிறது. பாஸ்வேர்டு வைத்தால்தான் இது நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாஸ்வேர்டே வைக்காதவரின் டிஸ்க்கும் வாங்கிய நாளிலிருந்து பூட்டியேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறை செருகும்போதும் பிரிட்ஜ் ஐசி தானே பூட்டைத் திறந்துவிடுவதால் பூட்டு இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. கிளாவரை இளைஞருக்கும் தெரியாது. தன் ஊர்க் கிழவியின் தாலாட்டு தட்டின்மேல் அர்த்தமற்ற எண்களாக எழுதப்பட்டிருக்கிறது என்று யார் அவரிடம் சொன்னார்கள்? பிரிட்ஜ் இல்லாத போர்டை மாட்டியதும் கணினி அந்த எண்களை அப்படியே பார்த்தது. டிஸ்க் காலி என்று தீர்ப்புச் சொன்னது. பயந்து கையை எடுத்தாரே, அந்தப் பயம் காப்பாற்றியது.

இந்தப் பூட்டின் பலத்தைக் குறைத்து எண்ணக்கூடாது. ஏஇஎஸ் என்ற இந்த முறையை உருவாக்கியவர்கள் யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் என்ற இரு பெல்ஜியர்கள். 2001-ல் அமெரிக்க அரசு அதைத் தன் தரமாக ஏற்றது. இன்று வங்கி முதல் வாட்ஸ்அப் வரை உலகம் முழுவதும் அதை நம்பித்தான் இயங்குகிறது. 256 பிட் சாவி என்றால் இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது நடக்காத காரியம்.

ஆனால் பூட்டு எவ்வளவு பலமானது என்பதைவிடச் சாவி எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். 2015-ல் குன்னார் அலெண்டால், கிறிஸ்டியன் கிசோன் ஆகியோரும் புனைபெயரில் எழுதும் இன்னொருவரும் சேர்ந்து, வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை பாஸ்போர்ட், மை புக் வரிசை டிஸ்க்குகளில் இருந்த பல பிரிட்ஜ் ஐசிகளைப் பிரித்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் இரண்டு அடுக்குச் சாவிகள் இருக்கின்றன. தரவைப் பூட்டும் சாவி ஒன்று. அந்தச் சாவியையே பூட்டிவைக்கும் மேல்சாவி ஒன்று. பூட்டப்பட்ட தரவுச் சாவியைச் சில மாடல்களில் தட்டின் கடைக்கோடியில் மறைவாக எழுதியிருக்கிறார்கள். சிலவற்றில் போர்டின்மேலும் வைத்திருக்கிறார்கள். நாம் பாஸ்வேர்டு வைத்தால் மேல்சாவி அதிலிருந்து பிறக்கிறது. வைக்காவிட்டால்? தொழிற்சாலையிலேயே நிலையான ஒரு மேல்சாவி இருக்கிறது. அந்த நிலையான சாவியின் தொடக்கம் 3, 1, 4, 1, 5, 9, 2, 6, 5 என்று போகிறது. வட்டத்தின் சுற்றளவைக் கணக்கிடப் பள்ளியில் படித்த பை எண்ணின் இலக்கங்கள். லட்சக்கணக்கானோரின் வீட்டு நினைவுகளின்மேல் தொங்கிய பூட்டுக்குச் சாவியாக ஒரு பொறியாளர் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்து எண்ணைப் போட்டிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். சாவி எளிமையாக இருந்ததில் எனக்கு வருத்தமில்லை; பாஸ்வேர்டு வேண்டாதவருக்கு எளிய சாவி போதும். அந்த எளிய சாவியை உரிமையாளருக்குச் சொல்லாமல் விட்டதுதான் தவறு. பெட்டிக்குள் வைத்த ஒரு துண்டுத் தாளில், உங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, போர்டு பழுதானால் இப்படித் திறக்கலாம் என்று நாலு வரி அச்சிட்டிருக்கலாம். அந்த நாலு வரியை வெளியாட்கள் ஐசியைப் பிளந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இத்தகைய ஆய்வுகளால் இப்போது சில பழைய மாடல்களை, போர்டு இல்லாவிட்டாலும், தட்டிலிருந்து நேராகப் படித்துக் குறியவிழ்க்கும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிய மாடல்கள் பலவற்றுக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. அவற்றில் பிறந்த போர்டு ஒன்றுதான் சாவி.

பூட்டே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. பழைய டிஸ்க்கைக் காயலான் கடையில் போடும் பெண்ணுக்கு, அதிலுள்ள தன் படங்களை யாரும் எடுக்க முடியாது என்ற நிம்மதி வேண்டும். பஸ்ஸில் பையைத் தொலைத்த செய்தியாளருக்கு, தன்னிடம் பேசியவர்களின் பெயர்கள் வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். குறியாக்கம் சாமானியரின் கையில் கிடைத்த பெரிய கவசம். அதனாலேயே கேட்கிறேன்: என்னைக் காப்பதற்கென்று போடப்பட்ட பூட்டின் சாவி என் கையில் இல்லாமல், ஒருவகைப் போர்டின் ஒரு ஐசிக்குள் மட்டும் இருந்தால், அந்தப் பூட்டு யாரைக் காக்கிறது? திருடன் டிஸ்க்கைப் போர்டோடுதான் திருடுவான். பாஸ்வேர்டு வைக்காத டிஸ்க் அவனுக்குத் தானே திறந்துவிடும். பழுது வந்த அன்று வெளியே நிற்கப்போவது உரிமையாளர் மட்டுமே.

இதே மலையில், கிளாவரைக்குப் போகும் வழி தொடங்கும் கொடைக்கானலில், வேறுவகையான ஒரு சேமிப்பு இருக்கிறது. 1899-ல் அங்கே நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தகடுகளிலும் பிறகு படச்சுருள்களிலும் எடுத்துவைத்தார்கள். ஜான் எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது இங்கேதான். நூறாண்டுக்கும் மேலான அந்தப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் இப்போது மின்வடிவாக்கியிருக்கிறது. சூரியனின் நெடுங்கால மாற்றங்களைப் படிக்கும் உலக ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நூற்றிருபது வருடத் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் சூரியன் தெரியும். அதைச் செய்த கம்பெனி மூடப்பட்டிருந்தாலும், எடுத்தவர் இறந்திருந்தாலும் தெரியும். ஸ்கேன் செய்ய முடிந்ததும் அதனால்தான்: தகடு யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை.

கண்ணாடித் தகட்டுக்குத் திரும்பிப் போக முடியாது. கிளாவரை இளைஞர் பதிவுசெய்த குரல்களைத் தகட்டில் எழுதவும் முடியாது. ஆனால் தகடு ஒரு அளவுகோலைத் தருகிறது. ஒரு நினைவு, தன்னைத் தாங்கும் பொருளைச் செய்தவரின் தயவில்லாமல் படிக்கக் கூடியதாக இருக்கவேண்டும். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நாம் வாங்கும் டிஸ்க்குகள் தோற்றுப்போகின்றன.

வேலை மேசைக்கு வருகிறேன். மாற்றுப் போர்டிலிருந்த ரோமை மறுபடி பிறந்த போர்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஃப்ளக்ஸ் தடவி, சுற்றிலும் வெப்பம் தாங்கும் பட்டையை ஒட்டி, ஹாட் ஏரை வட்டமாகச் சுழற்றினார். ஈயம் பளபளத்து இளகியதும் இடுக்கியால் ஐசியைத் தூக்கினார். இழுத்துப் பெயர்த்தால் கீழேயுள்ள செம்புத் தடமும் கூடவே வந்துவிடும். அது தானாக விடுபடும் வரை பொறுக்கவேண்டும். ஐசியின் மூலையில் ஒரு புள்ளி உண்டு, முதல் கால் எது என்று காட்ட. அதைப் போர்டிலுள்ள குறியோடு பொருத்தித் திரும்ப வைத்தார். திருப்பி வைத்துவிட்டால் மின்சாரம் கொடுத்த கணமே ரோம் கருகிப் போகலாம். பிறகு, தலைகளிலிருந்து வரும் தொடுபுள்ளிகளைப் பார்த்தார். மேல்மலையின் ஈரத்தில் அவை கறுத்திருந்தன. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்ததும் மினுங்கின. திருகுகளை முடுக்கி டிஸ்க்கைச் செருகினார். விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, கணினியில் ஊர்ப்பெயரிட்ட ஃபோல்டர் வந்து நின்றது. பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. டயோடு இல்லாத போர்டு இப்போது காவல் இல்லாத போர்டு என்பதால், ஒரு ஃபைலையும் திறந்து பார்க்காமல், முழுவதையும் வேறு இரண்டு டிஸ்க்குகளுக்குப் பிரதி எடுக்கச் சொன்னார். அதன்பிறகுதான் புதிய டயோடை வைத்தார்.

செலவென்று பார்த்தால், சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக்குக் கிடைக்கும் ஒரு டயோடு. மற்றதெல்லாம் பொறுமையும் அறிவும். இந்த அறிவுக்கு நம் நாட்டில் பட்டம் கிடையாது, சங்கம் கிடையாது. கம்பெனி தரும் சர்க்யூட் வரைபடமும் கிடையாது. மேசைக்கு மேசை, ஆளுக்கு ஆள் கைமாறி வாழ்கிறது. போர்டை மாற்று என்று சொல்லும் உலகத்தில், பிறந்த போர்டையே உயிர்ப்பிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். குறியாக்கம் பரவப் பரவ அவர்களுடைய தேவையோ கூடிக்கொண்டே போகிறது. பூட்டும் சாவியும் ஒரே பலகையில் இருக்கும்போது மாற்றுதல் என்பது இழத்தல். குணப்படுத்துதல் மட்டுமே மீட்பு.

2022-ல் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். நல்ல தொடக்கம். அதில் சேமிப்புக் கருவிகளையும் தனியாகச் சேர்க்கவேண்டும். பிரிட்ஜ் கெடுவது, ஸ்க்ரீனோ பேட்டரியோ கெடுவதைப் போல வெறும் ஒரு பாகம் கெட்ட விஷயம் இல்லை; பாகம் கெட்டால் கூடவே ஒரு குடும்பத்தின், ஓர் ஊரின் பதிவும் போகிறது. டிஸ்க் பூட்டப்பட்டு வருகிறதா என்பதைப் பெட்டிமேல் அச்சிடச் சட்டம் கேட்கவேண்டும். தரவுச் சாவியை உரிமையாளர் எடுத்து எழுதிவைத்துக்கொள்ளும் வழியையும் அது கேட்கவேண்டும். இது முடியாத காரியம் இல்லை. விண்டோஸின் பிட்லாக்கர் தன் உரிமையாளருக்கு 48 இலக்க மீட்புச் சாவியைத் தருகிறது. கணினியில் முடிவது டிஸ்க்கில் ஏன் முடியாது?

சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் பல லேப்டாப்புகள் கேட்காமலேயே பூட்டிக்கொள்கின்றன. அந்த 48 இலக்கங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை எடுத்துத் தாளில் எழுதிப் பட்டாவோடு வையுங்கள். விதைப்பூண்டை விற்கிற பூண்டோடு ஒரே மூட்டையில் கட்டுகிற விவசாயி கிளாவரையில் இல்லை. உங்கள் டிஸ்க்கின் இரண்டாவது பிரதியையும் அதேபோல் வேறொரு வீட்டில், வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். கணினி ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உடனே கழற்றுங்கள். பழுது பார்க்கக் கொடுத்தால், மாற்றிய பழைய போர்டை எழுதி வாங்காத குறையாகக் கேட்டு வாங்குங்கள். கடை நடத்துகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: வாடிக்கையாளரின் பிறந்த போர்டைக் குப்பையில் போடாதீர்கள், பாகத்துக்காகப் பிரிக்காதீர்கள். அது கருகியிருந்தாலும் டிஸ்க்கோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். சாவி அதில்தான் இருக்கிறது.